பூசியவர் என்று ஒரு கட்டம்

தூத்துக்குடி பிரையண்ட் நகரில் சுடலைக்கண்ணு என்று ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். எவ்வளவு பெரியவர் என்று கேட்டால், துறைமுகத்து டிராயிங் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து, எத்தனையோ கப்பல் மேடைக்கும் கிட்டங்கிக்கும் படம் போட்டுக் கொடுத்தும், ஒரு படத்தில்கூட முழுப்பெயர் வராத அளவுக்குப் பெரியவர்.

அவர் வேலை அப்படி. இன்ஜினியர் பென்சிலால் வரைந்து கொடுப்பார். இவர் அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தாளை விரித்து, கீழே தெரிகிற கோட்டின் மேலேயே மையால் கோடு இழுப்பார். ட்ரேசர் என்று பெயர். கீழே இருக்கிற கோட்டைவிட்டு ஒரு மயிரிழை விலகினாலும் அது வேலைக்கு ஆகாது. சொந்தமாக ஒரு கோடு கூடுதலாக இழுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகையால் அந்த முப்பத்தைந்து வருஷமும் அவர் சொந்தமாக ஒன்றுமே செய்யாமல் மிக நன்றாக வேலை செய்தார்.

படத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், நகலெடுத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று நாலு வரிசை. மற்ற மூன்று பேருக்கும் அப்பா பெயர், படித்த படிப்பு எல்லாம் வால் மாதிரி நீளமாக வரும். நகலெடுத்தவருக்கு மட்டும் எறும்பு தண்டியில் எஸ்.கே. என்று இரண்டே எழுத்து. அந்த இரண்டு எழுத்தையும் அவர்தான் தன் கையால் எழுத வேண்டும். அதுவும் ஆபீஸ் விதி.

எழுதி முடித்த படத்தை நகல் எடுக்க, மருந்து பூசிய தாள் ரோல் ரோலாக வந்து இறங்கும். அந்தத் தாளை எவன் பூசினான், எதை வைத்துப் பூசினான் என்று சுடலைக்கண்ணு ஒரு நாளும் கேட்டதில்லை. தன் பெயரையே யாரும் கேட்காதபோது அவர் போய் யார் பெயரைக் கேட்பார்?

ஓய்வு கொடுத்தார்கள். பொன்னாடை போட்டார்கள். ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள், அது மூன்றாம் மாதமே ஓய்வு பெற்றது. வீட்டில் உட்கார்ந்த சுடலைக்கண்ணுவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். ஒரு தாள் வேண்டும். அதில் நாலு வரிசையிலும் அவர் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். எஸ்.கே. இல்லை, சுடலைக்கண்ணு என்று முழுசாக. அந்தத் தாளை நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஆணியடித்து மாட்ட வேண்டும். மனிதருக்கு வேறு நோய் நொடி கிடையாது, இது ஒன்றுதான்.

இப்படி இருக்கிறபோதுதான் ஷெர்லின் என்கிற பெண், காலேஜில் போட்டோ பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், நூலகத்து மாடியில் வெயிலை வைத்துப் படம் அச்சடிக்கிற வகுப்பு ஒன்று நடத்தினாள். பச்சையாக ஒரு தூள், சிவப்பாக ஒரு தூள். இரண்டையும் தண்ணீரில் கரைத்துக் கலந்தால் மஞ்சளும் பச்சையுமாக ஒரு மருந்து. வெயில் படாத அறையில் அதைத் தாளில் பூசிக் காயவைத்து, மேலே படத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் கால் மணி நேரம் போட்டுவிட்டுத் தண்ணீரில் அலசினால், மைக்கோடு இருந்த இடமெல்லாம் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் நீலமாகவும் வரும். அந்தக் காலத்து ப்ளூ பிரிண்ட்தான். அதையே இப்போது கலை என்கிறார்கள். வகுப்பில் இருந்த மற்ற பத்துப் பேருக்கும் இவருடைய பேரப்பிள்ளை வயசு. இவரை எல்லாரும் அங்கிள் என்றார்கள். சுடலைக்கண்ணு பொறுத்துக்கொண்டார்.

கடைசி நாள் ஷெர்லின் ஆளுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தாள். மாதக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள் இரண்டடிக்கு மூன்றடித் தாளில் ஒரு படம் கொண்டுவந்தால் நூலக மண்டபத்தில் ஒரு மாசம் தொங்கும். பாரத்தின் கீழே ஒரு வரி: இந்தத் தாளை வரைந்தது, பூசியது, அச்சிட்டது எல்லாம் நானே. அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, ஒரே ஒரு கோடு. சுடலைக்கண்ணு அந்த வரியை மூன்று தடவை வாசித்தார். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைக்கூட அவர் அப்படி வாசித்ததில்லை.

கெட்டியான பெரிய தாள் மூன்று கொடுத்தாள் ஷெர்லின். "மூணுதான் இருக்கு அங்கிள், பாத்துப் பண்ணுங்க. சின்னத் துண்டுல பழகிட்டு அப்புறம் பெரிசுல பூசுங்க" என்றாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் பழகியாச்சும்மா" என்றார் சுடலைக்கண்ணு.

முதலில் படம். சொந்தப் படம். என்ன வரைவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி பேச்சித்தாய் குழம்புக்கு வாங்கி வந்த நீலக்கால் நண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தார். அதற்கு மேல் தோற்றம், முன் தோற்றம், பக்கத் தோற்றம் மூன்றும் போட்டார். கொடுக்கு நீளம் எத்தனை, ஓட்டின் அகலம் எத்தனை, கால் எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று அம்புக்குறி போட்டு அளவு எழுதினார். துறைமுகத்தில் அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டினால்கூட இத்தனை அளவு எடுக்க மாட்டார்கள். சாயங்காலம் நண்டு நாற ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார்.

பேச்சித்தாய் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் வளர்ந்தவள். பன்னிரண்டு வயசிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் பாத்தியில் நின்று உப்பு இழுத்த கை அவளுக்கு. வாயும் அந்த உப்பிலேயே ஊறியது.

"நண்டு மேல தாளை விரிச்சு, அது மேலேயேதான கோடு போட்டீய?"

"அளவு சரியா வரணும்லா."

"அப்ப வரைஞ்சது நண்டு. நீங்க நகலுதான் எடுத்திருக்கிய."

சுடலைக்கண்ணுவுக்குக் காது கேட்கவில்லை. அந்த வயசில் வேண்டியபோது காது கேட்காது. வலது கீழ் மூலையில் கட்டம் போட்டு, நாலு வரிசையிலும் சுடலைக்கண்ணு, சுடலைக்கண்ணு, சுடலைக்கண்ணு, சுடலைக்கண்ணு என்று மையால் எழுதி முடித்தார். தானே வரைந்து, தானே நகலெடுத்து, தானே சரிபார்த்து, தனக்குத்தானே ஒப்புதலும் அளித்துக்கொண்டார். அரசாங்கத்தில் இவ்வளவு வேகமாக எந்தக் கோப்பும் நகர்ந்தது கிடையாது.

இனிப் பூச வேண்டியதுதான் பாக்கி. அதுதானே பெரிய வேலையா என்று நினைத்தார்.

கடையில் வாங்கிய பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு துண்டுத் தாளில் பூசிப் பார்த்தார். அந்தப் பிரஷ்ஷின் கழுத்தில் ஒரு தகரப் பட்டை இருக்கும் இல்லையா, அந்தத் தகரம் மருந்தில் பட்டதும், வெயிலில் வைக்கும் முன்னாலேயே தாள் முழுக்க நீலப் புள்ளி. அம்மை போட்ட மாதிரி இருந்தது நண்டுக்கு. புள்ளி போதாதென்று பட்டை பட்டையாகக் கோடு வேறு. இரும்பு படக் கூடாது என்று ஷெர்லின் முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆனால் அவள் சின்னப் பிள்ளை.

சரி, பிரஷ்ஷை நாமே செய்வோம் என்று இறங்கினார். மற்றவர்களாக இருந்தால் செய்துவிடுவார்கள். சுடலைக்கண்ணு முதலில் பிரஷ்ஷுக்குப் படம் போட்டார். மேல் தோற்றம், முன் தோற்றம், குறுக்கு வெட்டுத் தோற்றம். கருவி எண் இரண்டு என்று தலைப்பு. அந்தப் படத்துக்கும் மூலையில் கட்டம், கட்டத்தில் அவர் பெயர்.

ரோமம் வேண்டும். பேச்சித்தாயின் தம்பி தளவாய், கடற்கரையில் பைபர் படகு ஒட்டுப்போடுகிறவன், இரண்டு ஆடு வளர்க்கிறான். அதில் ஒன்றைப் பிடித்து மடியில் போட்டுக் கத்திரியால் தாடியை வெட்டினார் சுடலைக்கண்ணு. ஆடு அவர் வேட்டியை மென்றது. கணக்கு நேராயிற்று.

"அத்தான், தாடி போன ஆடு வெக்கப்பட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்கு" என்றான் தளவாய்.

"கலைக்காகத்தானல."

"அப்ப அதுக்க பேரையும் அந்தக் கட்டத்துல போடுங்க."

"ஆட்டுக்குப் பேரு உண்டா?"

"இல்லைன்னா வச்சிருவோம். உங்க படத்துல வருதுன்னா சும்மாவா?"

பிளந்த மூங்கிலில் ரோமத்தைச் செருகி, தகரம் இல்லாமல் நூலால் இறுக்கிக் கட்டினார். பார்க்க ஐயர் குடுமி மாதிரி அம்சமாக இருந்தது. பூசினால், பூசுகிற ஒவ்வொரு இழுப்புக்கும் பத்து மயிர் தாளில் தங்கிற்று. அச்சடித்துப் பார்த்தால் நண்டுக்குத் தாடி. அதோடு பழைய பட்டைக் கோடும் அப்படியே இருந்தது.

அடுத்தது பஞ்சு. சோபா மெத்தையின் உள்ளேயிருந்து ஒரு கை அகலத்துக்கு வெட்டினார். சோபாவை விருந்தாளிக்கென்று வைத்திருந்தாள் பேச்சித்தாய். அதன் பிறகு வந்த விருந்தாளிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தார்கள். அந்தப் பஞ்சு கலக்கிய மருந்து பூராவையும் தானே குடித்துவிட்டு, தாளுக்குக் குமிழி மட்டும் கொடுத்தது. குமிழிக்கு நடுவே பட்டைக் கோடு.

அதற்கடுத்தது தாழை மட்டை. தாழை விழுதைத் தட்டி நார் நாராக்கிச் சுண்ணாம்பு அடிக்கிறார்களே, அதுதான். ஓட்டப்பிடாரத்து வீட்டில் அவர் அப்பா வெள்ளையடித்த மட்டை பரணில் கிடந்தது. இரும்பு கிடையாது, மயிர் கொட்டாது, குமிழி வராது. இதைவிட வேறென்ன வேண்டும்? ஷெர்லின் கொடுத்த பெரிய தாளில் ஒன்றை எடுத்து நேராகவே பூசிவிட்டார். துண்டில் பழகிப் பார்க்கிறதெல்லாம் மற்றவர்களுக்கு. வெயிலில் வைத்து அலசினால், நீலம் வரவேண்டிய இடத்தில் வெளிறிப்போன மஞ்சள். மட்டைக்குள் நாற்பது வருஷத்துச் சுண்ணாம்பு இருந்தது. சுண்ணாம்பு பட்டால் அந்த நீலம் நிற்காது. அவர் அப்பா வீட்டை வெள்ளையடித்த சாமான் மகன் படத்தையும் வெள்ளையடித்துக் கொடுத்தது. அந்த வெளுப்பிலும் பட்டை பட்டையாகக் கோடு இருந்ததைப் பேச்சித்தாய் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றால், அன்றைக்குச் சொல்லவில்லை.

பெரிய தாள் இரண்டுதான் பாக்கி. சனிக்கிழமைக்கு ஒன்பது நாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பேச்சித்தாய் குளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் குளியலறை ஜன்னலில் ஒரு காக்கை உள்ளே தலையை நீட்டி அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஜன்னலில் சாய்வாக நாலு கண்ணாடிப் பட்டை சொருகியிருக்கும். நடுவில் ஒன்றைக் காணோம்.

ஈரச் சேலையோடு வெளியே வந்தாள். "ஏங்க, ஜன்னல் கண்ணாடியை எங்க கொண்டு போனீய?"

சுடலைக்கண்ணு மேஜையில் இருந்தார். கண்ணாடிப் பட்டை இரண்டடி நீளம், விளிம்பு வழவழவென்று உருண்டையாகத் தேய்த்தது. அதன் முதுகில் ஒரு மரக்கட்டையைத் தளவாயை விட்டுக் காடிப் பள்ளம் எடுத்துச் சொருகிப் பைபர் பசையால் ஒட்டி, பிடி வைத்திருந்தார். கருவி எண் ஐந்து. பிரஷ்ஷே வேண்டாம், தாளின் ஓரத்தில் மருந்தைக் கோடாக ஊற்றி, கண்ணாடி விளிம்பால் இழுத்துக்கொண்டு போனால் போதும் என்று ஷெர்லின் சொல்லியிருந்தாள். அவள் கையிலிருந்தது கண்ணாடிக் குச்சி, ஒரு சாண் நீளம்தான். இவருடையது இரண்டடி. அதில் அவருக்கு ஒரு பெருமை.

"இரும்பு இல்ல, மயிர் இல்ல, சுண்ணாம்பு இல்ல" என்றார்.

"குளிக்கிறவளுக்கு மறைப்பும் இல்ல."

"பழைய கைலி ஒண்ணைத் தொங்கவிடு."

"கைலியைத் தொங்கவிடுதேன். காக்காய்க்கு என்ன பதில் சொல்லுதீய? இனிமே தினமும் வருமே அது."

அவர் இரண்டாவது பெரிய தாளை எடுத்தார். பேச்சித்தாய் தலையைத் துவட்டிக்கொண்டே வாசலில் நின்று பார்த்தாள். அறைக்குத் துணி போட்டு மூடி, மஞ்சள் பல்பு ஒன்று மட்டும் எரிந்தது. சுடலைக்கண்ணு மருந்தைக் கொஞ்சம் ஊற்றினார். கண்ணாடியின் ஒரு முனையை மட்டும் தாளில் படவைத்து, பேனா மாதிரி இடமிருந்து வலமாக இழுத்தார். நேர்கோடு என்றால் அப்படி ஒரு நேர்கோடு. முடிவில் கையைத் தூக்கினார். மறுபடி இடது பக்கம் வந்து, முந்தைய இழுப்பைத் தொட்டும் தொடாமலும் அடுத்த இழுப்பு. ஒரு தடவை போன இடத்தில் இன்னொரு தடவை போகவே இல்லை. அதற்குள் முதல் இழுப்பின் ஓரம் காய்ந்து வரம்பு கட்டியது. வயலில் வரப்பு மாதிரி, ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினொரு பட்டை.

மத்தியானம் அலசிப் பார்த்தால் நண்டு ஜெயில் கம்பிக்குள் படுத்திருந்தது.

"கண்ணாடி கொஞ்சம் கோணல்" என்றார் சுடலைக்கண்ணு. "எண் ஆறு செய்யணும்."

அன்றைக்குத்தான் பேச்சித்தாய் வாயைத் திறந்தாள்.

"ஆட்டு மயிரை வச்சீய, பட்டை விழுந்துது. சோபாவை வெட்டுனீய, பட்டை விழுந்துது. மட்டைக்கும் பட்டை, கண்ணாடிக்கும் பட்டை. எல்லாத்தையும் மாத்தியாச்சு. மாத்தாதது ஒண்ணு இருக்குல்லா?"

"என்னது?"

"உங்க கை."

சுடலைக்கண்ணு எழுந்தே விட்டார். "ஏளா, என்ன வேணாலும் சொல்லு, இந்தக் கையைச் சொல்லாத. முப்பத்தஞ்சு வருஷம் நடுங்காம, பிசகாம கோடு போட்ட கை இது."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். கோடு போட்ட கை. பூசச் சொன்னா அது கோடுதான் போடுது."

அவர் அன்று சாப்பாட்டுக்கு வரவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவராகவே வந்து போட்டுச் சாப்பிட்டார், கோபத்துக்கும் நண்டுக் குழம்புக்கும் சம்பந்தம் கிடையாது.

அடுத்த ஒரு வாரமும் துண்டுத் தாளில் இழுத்து இழுத்துப் பார்த்தார். கையை வேறு மாதிரி ஆட்டச் சொன்னால் அது ஆடாது. தூக்காதே என்று மனசு சொல்லும், வலது ஓரம் வந்ததும் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். ஒரு தடவை இழுத்த கோட்டின் மேல் மறுபடி போனால் வேலை போய்விடும் என்று அந்தக் கைக்கு யாரோ இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை விடிந்தது. ஒரே ஒரு தாள். ஒரே ஒரு தடவைக்கு ஆகிற மருந்து. சாயங்காலம் அஞ்சு மணி கெடு. இந்தத் தாளும் பட்டையாகப் போனால், மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எஸ்.கே. எஸ்.கே.யாகவே போய்ச் சேர வேண்டியதுதான்.

காலை பத்து மணிக்கு அறையை மூடினார். தாளை மேஜையில் ஒட்டினார். மருந்தை ஓரத்தில் ஊற்றிவிட்டார். கண்ணாடியை வைத்து ஒரு சாண் தூரம் இழுத்தார். பின்னால் ஒரு வரப்பு எழும்புவது அவருக்கே தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மருந்து தாளில் ஊறிக்கொண்டிருந்தது.

"பேச்சி" என்றார். கூப்பிட்டதுகூட இல்லை. வாயிலிருந்து விழுந்தது.

அவள் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். உள்ளே வந்து, "தள்ளுங்க" என்றாள்.

உப்பளத்தில் பாத்தியின் மேல் உப்புப் பூத்து நிற்கும்போது, நீளக் கம்பில் பலகை கட்டி அதை இழுப்பார்கள். அமுக்கினால் அடியிலிருக்கிற சேறு கிளம்பி உப்பு கறுத்துப்போகும். தூக்கினால் பாதி உப்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அமுக்காமல், தூக்காமல், பின்பக்கமாக நடந்துகொண்டே இழுக்க வேண்டும். பலகைக்கு முன்னால் தண்ணீர் ஒரே மட்டமாகச் சுருண்டு வரும். இது பேச்சித்தாய்க்கு யாரும் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது இல்லை. அந்தக் கையின் உழைப்பை வைத்துச் சாப்பிட்ட வீடு அவள் வீடு.

சேலையைத் தூக்கிச் சொருகினாள். கண்ணாடியின் நீளம் முழுக்கத் தாளில் படுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்து, மேஜை ஓரமாகவே பின்னால் நடந்தாள். மருந்து கண்ணாடிக்கு முன்னால் சுருண்டுகொண்டு வந்தது. மேஜை முடிகிற இடத்தில் தூக்கவில்லை, அப்படியே சாய்த்துத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள். அப்புறம் குறுக்கே ஒன்று. அவர் எழுப்பிய வரப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான். ஆடு, சோபா, மட்டை, ஐந்து கருவி, அதற்குப் போட்ட படம் எல்லாம் சேர்ந்து செய்யாததை ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் செய்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

தாள் ஒரே மஞ்சளாக, குளத்துத் தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடந்தது.

"கண்ணாடி நல்லாத்தான் செஞ்சிருக்கிய" என்றாள். "நம்ம பலகையைவிடக் கைக்கு லேசு."

இத்தனை நாளில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அனுபவிக்கத்தான் நேரமில்லை. தாள் காய இரண்டு மணி நேரம் ஆகும். மேஜையில் ஒரு பக்கம் நண்டுப் படம், மூலையில் நாலு சுடலைக்கண்ணு. இன்னொரு பக்கம் ஷெர்லினின் பாரம். வரைந்தது, பூசியது, அச்சிட்டது எல்லாம் நானே.

அவர் இழுக்காத கோட்டுக்கு அவர் ஒரு நாளும் எஸ்.கே. போட்டதில்லை. பக்கத்து மேஜைக்காரர் லீவில் போனபோது அவர் படத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதற்கு மாட்டேன் என்று நின்றவர். அப்படிப்பட்ட யோக்கியருக்கு இப்போது வந்தது வினை. நாலு வரிசையிலும் நான் மட்டும் என்று எழுதி வைத்திருக்கிற படம், அவள் பூசிய தாள். பேசாமல் வெயிலில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அவருக்கும் அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் முள்ளக்காடு வரைக்கும் தெரியும்.

அப்புறம் நகலெடுத்தவர் வரிசைக்குக் கீழே, ஓரமாகக் கிடந்த வெற்றிடத்தில், மிகச் சின்னதாக, எறும்பு தண்டியில், பே. என்று எழுதினார். மனசு லேசானது. நியாயம் செய்துவிட்ட மனிதராக நாற்காலியில் சாய்ந்தார்.

பேச்சித்தாய் காப்பியோடு வந்தாள். படத்தைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இது என்ன, ஈ உக்காந்திருக்கா?"

"உன் பேருதான்."

"என் பேரு முழுசா எப்பம் செத்துது?"

"சின்னக் கட்டம்ளா. இடம் இல்ல."

"உங்க பேருக்கு நாலு இடம் இருக்கு." டம்ளரைப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள், தெரிந்தே வைத்தாள். "ஆபீஸ்ல உங்க பேரை எப்படிப் போட்டாவ?"

சுடலைக்கண்ணு காப்பியைப் பார்த்தார்.

"சொல்லுங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து ராத்திரி பகல் அதைத்தான சொல்லிச் சொல்லி அழுதீய. ரெண்டு எழுத்து, எறும்பு தண்டின்னு. நான்தான கேட்டேன் அவ்வளவையும்."

காப்பி ஆறிப்போனது.

"பேரு போடாட்டி வேண்டாம்" என்றாள் பேச்சித்தாய். "ஒண்ணும் குடி முழுகிறாது. போட்டா, உங்க பேரு என்ன தண்டியோ அந்தத் தண்டியில போடுங்க. ஈயும் எறும்பும் எனக்கு வேண்டாம். வீட்டுல ஏற்கெனவே நெறைய இருக்கு."

அவள் போய்விட்டாள். சுடலைக்கண்ணு ஒரு பிளேடை எடுத்து இரண்டாக உடைத்தார். மையில் போட்ட கோட்டை அழிக்க வேண்டுமென்றால் ட்ரேசர்கள் அரை பிளேடால் சுரண்டுவார்கள். தாள் நோகாமல் சுரண்ட வேண்டும். முதலில் அந்தப் பே.யைச் சுரண்டினார். அப்புறம் கட்டத்தைப் பார்த்தார். நாலு வரிசை. எந்த வரிசையிலும் பூசியவர் என்று இல்லை. முப்பத்தைந்து வருஷமாக அவர் இழுத்த எந்தக் கட்டத்திலும் அப்படி ஒரு வரிசை இல்லை. ரோல் ரோலாக வந்த தாளெல்லாம் ஆகாயத்திலிருந்தா வந்தது?

ஸ்கேலை எடுத்தார். கட்டத்தின் கீழே, இன்னொரு வரிசைக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். அடியில் பார்த்து இழுக்கப் பென்சில் கோடு கிடையாது. நண்டும் கிடையாது. இழு என்று யாரும் சொல்லவும் இல்லை. அவர் கை முதல் தடவையாகக் கொஞ்சம் பிசகிற்று. கோடு ஒரு மயிரிழை கோணலாக விழுந்தது. அதை அவர் சுரண்டவில்லை.

பூசியவர் என்று எழுதினார். பக்கத்தில் பேச்சித்தாய் என்று முழுசாக எழுதினார், தன் பெயர் எந்த உயரமோ அந்த உயரத்தில். பிறகு மேலே போய், வரைந்தவர் வரிசையில் இருந்த தன் பெயரையும் சுரண்டி எடுத்துவிட்டு, நண்டு என்று எழுதினார். யோக்கியம் ஒரு தடவை கிளம்பிவிட்டால் அதற்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

மத்தியானம் ஒரு மணி வெயிலில் மாடியில் வைத்தார். தூத்துக்குடி வெயில் மற்ற விஷயத்தில் எப்படியோ, இந்த விஷயத்தில் குறை வைக்காது. கால் மணி நேரத்தில் எடுத்து, ஆழ்குழாய்த் தண்ணீர் ஆகாது என்று பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரில் அலசினார். மஞ்சள் கரைந்து ஓடியது. நீலம் எழுந்து வந்தது, ஒரு பட்டை இல்லாமல், ஒரு புள்ளி இல்லாமல். நடுவே வெள்ளைக் கோட்டில் நண்டு. அது இந்தத் தடவை ஜெயிலில் இல்லை, கடலிலேயே இருந்தது.

நாலரை மணிக்கு மண்டபத்தில் ஷெர்லின் தாளை விரித்துப் பார்த்தாள். "அங்கிள்! என்ன கோட்டிங் இது! எதை வச்சுப் பூசினீங்க?"

"குளியலறை ஜன்னலை வச்சு" என்றாள் பேச்சித்தாய்.

ஷெர்லின் மூலைக் கட்டத்தை வாசித்தாள். சிரித்தாள். அப்புறம் பாரத்தைப் பார்த்துத் தயங்கினாள். "ஆனா அங்கிள், பார்ம்ல ஒருத்தர் பேருதான் வரும். எல்லாம் நானே செஞ்சேன்னு இருக்கு. ரெண்டாவது பேருக்கு இடம் இல்லையே."

சுடலைக்கண்ணு பையிலிருந்து பேனாவையும் ஆறங்குல ஸ்கேலையும் எடுத்தார். நானே என்பதை அடித்து நாங்களே என்று எழுதினார். கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்தார். பேனாவைப் பேச்சித்தாயிடம் நீட்டினார்.

"இப்ப இருக்கும்மா" என்றார்.

இப்படியாக, தன் பெயர் மட்டும் இருக்கிற ஒரே ஒரு தாளுக்காக ஆட்டின் தாடியையும் சோபாவின் வயிற்றையும் வெட்டிய மனிதர், ஒரு மனைவிக்கும் ஒரு நண்டுக்கும் பங்கு கொடுத்துவிட்டு மண்டபத்தில் போய் நின்றார். தாள் இரண்டாவது சுவரில், விளக்குக்குக் கீழே மாட்டப்பட்டது. பார்க்க வந்த தளவாய் கட்டத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நண்டு பேரு இருக்கு, என் ஆட்டைக் காணோம்" என்றான்.

பேச்சித்தாய் கிட்டப் போனாள். கட்டை விரலையும் சுட்டுவிரலையும் விரித்துச் சுடலைக்கண்ணு என்கிற எழுத்தின் உயரத்தை அளந்தாள். அந்த விரலைக் கலைக்காமல் அப்படியே கொண்டுவந்து தன் பெயரின் மேல் வைத்தாள். படத்தின் மேல் மாட்டியிருந்த கண்ணாடியில் அவள் கை ரேகை பதிந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"சரிபார்த்தவர்லயும் உன் பேரைப் போட்டிருக்கலாம்" என்றார் சுடலைக்கண்ணு. "இனிமே சுரண்ட முடியாது, அச்சாயிட்டு."

"அடுத்த தாள்ல போடுங்க." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "அதுக்கு முன்னால அந்த ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்க. காக்கா இன்னைக்கு ஒரு கூட்டாளியையும் கூட்டிட்டு வந்துட்டு."